எட்டுக் கம்பியும் கடற்காற்றும்

மண்டலின் பழகத் தொடங்கிச் சில மாதத்திலேயே அதை மூலையில் வைத்துவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "விரல் நோகுது." "சுருதி நிக்கிதில்ல." இரண்டையுமே தங்கள் குறையாகத்தான் சொல்வார்கள். தன் விரல் இதற்கு வாகில்லை, தன் காது போதாது என்று முடிவுகட்டி விட்டிருப்பார்கள். கருவியை வாங்கிப் பார்த்தால் கம்பி பழுப்பேறிக் கிடக்கும். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த நாளில் பூட்டியிருந்த அதே கம்பி. அதன் மேல் விரலை ஓட்டினால் நுனியில் மண்நிறத்தில் ஒரு கோடு பதியும். அந்தக் கம்பியோடு யார் பழகினாலும் விரல் நோகத்தான் செய்யும், சுருதியும் நிற்காது.

நான் இருப்பது மட்டக்களப்பின் கல்லடியில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நாங்கள். சைக்கிள் செயின், கதவுக் கொண்டி, யன்னல் கிறில் எல்லாம் இந்தக் காற்றில் என்ன கதிக்கு ஆகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் கம்பியும் அதே காற்றில்தான் நிற்கிறது என்பது மட்டும் யாருக்கும் யோசனைக்கு வருவதில்லை. கம்பி என்றால் அறுந்தால் மாற்றுவது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அறுவதற்கு வெகு முன்பே கம்பி செத்துவிடும். கல்முனையிலோ காரைதீவிலோ களுவாஞ்சிக்குடியிலோ, கரையோரமாகக் குடியிருந்து மண்டலின் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதலில் கம்பியை மாற்றுங்கள், அப்புறம் உங்கள் விரலைப் பற்றிப் பேசுவோம்.

துரு என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால் நல்லது. ஒரு கம்பி சரியான சுரம் தரவேண்டுமென்றால் அதன் எடை தலையிலிருந்து வால்வரை ஒரே சீராக இருக்கவேண்டும். துரு ஒரே சீராகப் பிடிக்காது. விரல் அதிகம் படும் மெட்டுகளில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், வியர்வை உப்பு சேர்ந்து அங்கே கூடப் பிடிக்கும். மேலே மெல்லிய இழை சுற்றிய தடித்த கம்பியில், அதாவது சுற்றுக்கம்பியில், இழைகளுக்கு நடுவே அழுக்கு அடையும். மெட்டில் உரசும் இடத்தில் கம்பியின் அடிப்பக்கம் தேய்ந்து பள்ளம் விழும். அப்போது திறந்த கம்பியைச் சுருதி சேர்த்து வைத்தாலும் ஐந்தாம் மெட்டிலோ ஏழாம் மெட்டிலோ பிடித்தால் சுரம் கோணலாக வரும். மண்டலினில் கம்பிகள் சோடி சோடியாக நிற்பதால் இது இரட்டைத் தொல்லை. ஒரு சோடியில் உள்ள இரண்டு கம்பியும் ஒரே மாதிரித் துருப்பிடிப்பதில்லை. திறந்து மீட்டும்போது ஒன்றாக ஒலிக்கும் சோடி, விரல் வைத்ததும் இரண்டாகப் பிரிந்து அலையடிக்கும். பழகுகிறவர் சுருதிச் சாவியைத் திருகித் திருகிக் களைத்துப்போவார். அவருடைய காது சரியாகத்தான் கேட்கிறது, அதனால்தான் அவருக்கு அது உறுத்துகிறது.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. எட்டுக் கம்பி, நான்கு சோடி. தடித்த பக்கத்திலிருந்து ஜீ, டீ, ஏ, ஈ. வயலினுக்கு மேல்நாட்டு முறையில் சேர்ப்பதும் இதுவே. நம்முடைய கணக்கில் சொன்னால் ஒவ்வொரு சோடியும் அதற்கு முந்திய சோடியின் பஞ்சமம். ஜீயை ஸ என்று வைத்தால் டீ ப ஆகும், டீயை ஸ என்று வைத்தால் ஏ ப ஆகும். வாய்ப்பாட்டோ வீணையோ கொஞ்சம் பழகியவர்களுக்கு இந்த உறவு காதில் ஏற்கெனவே இருக்கும். ஏ சோடியை 440 ஹேர்ட்ஸில் போன் டியூனரை வைத்துச் சேர்த்துக்கொண்டு மற்றதைக் காதாலேயே சேர்க்கலாம். மேல் இரண்டு சோடி, அதாவது ஈயும் ஏயும், வெறும் உருக்குக் கம்பி. கீழ் இரண்டும் உருக்கு நடுக்கம்பியின் மேல் வெண்கல இழை சுற்றியவை. நம் காற்றில் முதலில் போவது ஈ.

சரி, எந்தக் கம்பி வாங்குவது?

பக்கற்றின் மேல் 10, 14, 24, 38 என்றோ 11, 15, 26, 40 என்றோ நான்கு எண்கள் இருக்கும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு தடிப்பு என்பதுதான் அந்த எண். 10 என்றால் 0.25 மில்லிமீற்றர், 11 என்றால் 0.28. முதல் வகையை லைட் என்பார்கள், இரண்டாவதை மீடியம் என்பார்கள். 0.03 மில்லிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். நிறைய வரும். ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்கு இழுக்கும்போது கம்பியின் இழுவிசை தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். பத்தை விட்டுப் பதினொன்றுக்குப் போனால் அந்தக் கம்பியில் விரல் அமர்த்த வேண்டிய விசை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எட்டுக் கம்பியையும் கூட்டிப் பார்த்தால் லைட் செட் கருவியை ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுக்கிறது, மீடியம் செட் 80 கிலோவை நெருங்கும். அந்தச் சின்ன மரப்பெட்டி இரவும் பகலும் ஒன்றரைச் சீமெந்து மூட்டையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: தொடங்குகிறவர் பத்தில் தொடங்கும் லைட் செட்டையே போடவேண்டும். மீடியம்தான் 'உண்மையான' மண்டலின் கம்பி என்று இணையத்தில் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது அமெரிக்க புளூகிராஸ் இசையை வைத்து. 1922 இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட எஃப்-5 வகை, வயலின்போல மேற்பலகையைக் குவித்துச் செதுக்கிய கருவி. பாஞ்சோவுக்கும் பிடிலுக்கும் நடுவே கேட்கவேண்டும் என்பதால் அதைத் தடித்த கம்பியால் ஓங்கி அடித்து வாசிப்பார்கள். அந்த இசைக்கு அது பொருத்தம். நம் வீட்டு விறாந்தையில் சரளி வரிசையோ கோயில் பாட்டோ மெல்ல வாசித்துப் பழகும் பிள்ளைக்கு அந்தச் சத்தத்தால் ஒரு பயனும் இல்லை. நோகிற விரலோடு பத்து நிமிடம் பழகுவதைவிட நோகாத விரலோடு அரை மணித்தியாலம் பழகுவது எவ்வளவோ மேல்.

பின்பக்கம் குடமாக உருண்ட பழைய இத்தாலிய வகை மண்டலின் யாரிடமாவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பழைய வீடுகளில் அலுமாரிக்கு மேலே இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருப்பதுண்டு. அவற்றின் மேற்பலகை மெல்லியது, உள்ளே கொடுத்திருக்கும் தாங்குசட்டங்களும் மெல்லியவை. மீடியம் செட்டைப் பூட்டினால், கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்குக் கீழே பலகை அமிழ்ந்துபோகும், கழுத்தும் வளையும். அவற்றுக்கு ஒன்பதில் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் கம்பிதான் சரி.

சுற்று இழையின் உலோகத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பொஸ்பர் பிரொன்ஸ் கொஞ்சம் இதமான நாதம், கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். 80/20 என்று போட்டிருப்பதில் செம்பு 80 பங்கு, நாகம் 20 பங்கு. புதிதில் பளிச்சென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். முதல் செட்டுக்குப் பொஸ்பர் பிரொன்ஸ் எடுங்கள். எலிக்சர் போன்ற, மேலே மெல்லிய பூச்சுள்ள கம்பிகள் விலை கூட. ஆனால் உப்புக்காற்றில் அவை தாங்கும் காலத்தைப் பார்த்தால், கடலுக்கு அருகே இருப்பவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை என்பது என் எண்ணம். வியர்வை அதிகம் உள்ள கைக்காரருக்கு இன்னும் பொருந்தும்.

வாங்குவதுதான் இங்கே உண்மையான சிக்கல். மட்டக்களப்பு நகரத்தில் கிற்றார் கம்பி கேட்டால் கிடைக்கும், மண்டலின் செட் எல்லா நேரமும் இருக்காது. கொழும்பிலிருந்து யாராவது வரும்போது சொல்லி எடுப்பிக்கவேண்டும், அல்லது இரவு பஸ்ஸில் பார்சல் வரவேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது. அக்கூஸ்டிக் கிற்றார் எக்ஸ்ட்ரா லைட் செட்டில் வழக்கமாக வரும் தடிப்புகள் 10, 14, 23, 30, 39, 47. இதில் முதலாம், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் கம்பிகளை எடுத்துப் பாருங்கள்: 10, 14, 23, 39. மண்டலின் லைட் செட்டுக்கு மிகக் கிட்ட வருகிறது. இரண்டு கிற்றார் செட் வாங்கினால் நான்கு சோடியும் தயார்.

இது எப்படிப் பொருந்துகிறது என்று கேட்பீர்கள். மண்டலினில் கம்பி ஒலிக்கும் நீளம் சுமார் 35 சென்ரிமீற்றர், கிற்றாரில் 65. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் மேல் ஸ்தாயிக்குப் போகும். மண்டலினின் ஈ, கிற்றாரின் முதல் கம்பிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறது. நீளம் பாதியைவிடக் கொஞ்சம் கூட என்பதால் அதே கம்பி மண்டலினில் சற்று இறுக்கமாக நிற்கும், அவ்வளவுதான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழர் யாழைத் தேடிப் போனபோது துணைக்கு எடுத்துக்கொண்டதும் இந்த நீள–சுரக் கணக்கைத்தான். அறிவியலும் படித்த மனிதர். அவருடைய யாழ் ஆராய்ச்சியான 'யாழ் நூல்' 1947 இல் அரங்கேறியது, அதே ஆண்டு அவர் காலமானார். இந்த மண்ணில் கம்பிக் கணக்குப் போடும்போது எனக்கு அவர் நினைவு வராமல் இருப்பதில்லை.

ஒரு வேலை மட்டும் உண்டு. கிற்றார் கம்பியின் நுனியில் சின்னப் பித்தளைக் குண்டு இருக்கும், மண்டலின் கம்பியின் நுனியில் இருப்பது வெறும் கண்ணி. கருவியின் அடிமுனையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் வால் தகட்டின் கொக்கியில் மாட்டுவது அந்தக் கண்ணியைத்தான். குண்டைக் குறட்டால் பக்கவாட்டில் பிடித்து, துணியால் மூடிக்கொண்டு, மெதுவாக நசுக்கினால் அது பிளந்து விழும், கண்ணி மிஞ்சும். துணி கட்டாயம். துண்டு தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும். உங்கள் கருவியின் வால் தகடு குண்டுள்ள கம்பியையே ஏற்கும் வகையாகவும் இருக்கலாம், முதலில் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கர்நாடக இசைக்காக மண்டலின் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே பலரும் அதற்காகத்தான் எடுக்கிறார்கள். அந்த ஆசையை நமக்கு ஊட்டியவர் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் வாசித்தது கடையில் கிடைக்கும் எட்டுக் கம்பி மண்டலின் அல்ல. இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது கம்பி ஒன்றைச் சேர்த்து, மின்சார மண்டலினில் வாசித்தார். காரணம் கமகம், சுரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிப்பது. ஒரு சோடியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு கம்பியும் ஒரே அளவு இழுபடாது, சுரம் பிளந்துவிடும். அவருடைய வாசிப்பைக் கேட்டுவிட்டு எட்டுக் கம்பியில் அதே கமகத்தைத் தேடி மனம் உடைந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் திறமையில் ஒரு குறையும் இல்லை. எட்டுக் கம்பியில், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் ஜாரு நன்றாக வரும், இழுப்பு வராது. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றைக் கழற்றி நான்கு கம்பியோடு பழகலாம், சத்தம் குறையும், ஆனால் கமகத்துக்கு இடம் கிடைக்கும். ஸ–ப–ஸ–ப என்று சேர்ப்பவர்கள், எந்தக் கம்பியைச் செட்டில் சொன்ன சுருதியைவிட இறக்குகிறார்களோ அங்கே ஒரு படி தடித்த கம்பி போடவேண்டும். இல்லாவிட்டால் அது தொய்ந்து மெட்டில் மோதிக் கரகரக்கும். ஏற்றிச் சேர்ப்பதானால் ஒரு படி மெல்லியது.

இனி மாற்றும் வேலை. குறடு, வெட்டும் கட்டர், கூர் சீவிய பென்சில், பழைய சாரத்துண்டு ஒன்று, டியூனர். இவ்வளவும் இருந்தால் போதும்.

எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். மண்டலினின் குதிரை ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தால் மட்டுமே அது தன் இடத்தில் நிற்கிறது. அழுத்தம் போனால் குதிரையும் போய்விடும். இங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வயலினும் மண்டலினும் பழுது பார்ப்பவர், வருகிற எல்லாருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்: "மனே, ஒண்டக் கழட்டு, ஒண்டப் பூட்டு. குதிரையத் தனியா விட்டிராத." தொடங்குமுன் குதிரையின் பாதம் நான்கு மூலையிலும் எங்கே நிற்கிறதென்று பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலாக அசைந்தாலும் திரும்ப வைக்கலாம்.

ஜீ சோடியின் முதல் கம்பியைத் தளர்த்திக் கழற்றுங்கள். அது படிந்திருந்த இடத்தைச் சாரத்துண்டால் துடையுங்கள். கம்பி வந்து அமரும் தலைப்பக்கத்துப் பள்ளத்தில் பென்சில் முனையை இரண்டு தரம் உரசுங்கள். பென்சில் கரி அங்கே மசகாக வேலை செய்யும். சாவியைத் திருகும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு சுருதி பாய்ந்து ஏறுமே, அது கம்பி அந்தப் பள்ளத்தில் சிக்கி விடுபடும் சத்தம். ஒரு துளி கரி அதை நிறுத்திவிடும். பல பேர் சாவி பழுது என்று நினைத்துக் காசு செலவழிப்பது இந்தச் சத்தத்துக்காகத்தான்.

புதுக் கம்பியின் கண்ணியைக் கொக்கியில் மாட்டி, இடது கையால் கம்பியை எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கவேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் கண்ணி கொக்கியைவிட்டு நழுவிவிடும், முதல் தடவை செய்பவர்களைப் பொறுமை இழக்கவைக்கும் இடம் இதுதான். குதிரைக்கு மேலாக, தலைப்பள்ளத்தின் வழியாக, சாவித் தூணின் துளைக்குள் கம்பியைக் கொண்டுவாருங்கள். இறுக இழுத்துவிட்டு நாலைந்து சென்ரிமீற்றர் திரும்ப விட்டுக்கொடுங்கள். தூணைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வர அவ்வளவு போதும். குறைந்தால் வழுக்கும், கூடினால் சுற்றின் மேல் சுற்று ஏறிச் சுருதி இளகிக்கொண்டே இருக்கும். சுற்றுக்கள் துளைக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கவேண்டும், கம்பி தூணின் உட்பக்கத்திலிருந்து புறப்படவேண்டும். வெறும் உருக்குக் கம்பி வழுக்கும் தன்மை உள்ளது என்பதால், அதன் நுனியைத் துளையிலிருந்து வெளியே எடுத்து, கம்பிக்கு அடியாகக் கொண்டுபோய், மேல்நோக்கி மடித்து, அதன்மேல் முதல் சுற்றைப் போடுங்கள். தானே தன்னைப் பூட்டிக்கொள்ளும்.

சுற்றுக்கம்பியை வெட்டும்போது ஒரு விசயம். வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் முதலில் செங்குத்தாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் வெண்கல இழை உள்கம்பியில் பிடிமானம் இழந்து தளர்ந்துபோகும். பார்த்தால் தெரியாது. மீட்டினால் பக்கற்றைத் திறந்த அன்றே செத்த கம்பிபோல டொக்கென்று ஒலிக்கும்.

எட்டும் பூட்டி முடிந்ததும் குதிரையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். சாவியைத் திருகத் திருகக் கம்பி குதிரையின் தலையைக் கழுத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வால் பக்கத்து முகம் பலகைக்கு நேர்செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்திருந்தால் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள். அப்படியே விட்டால் ஒருநாள் மடிந்து விழும், விழும்போது பலகையில் காயம் வைத்துவிடும்.

பிறகு பன்னிரண்டாம் மெட்டுச் சோதனை. அந்த மெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் விரல் வைத்து மீட்டினால் மணிபோன்ற மேல் ஸ்தாயி நாதம் வரும். அதே மெட்டில் அமர்த்தி மீட்டினாலும் அதே சுரம் வரவேண்டும். அமர்த்தியது ஏறி ஒலித்தால் குதிரையை மயிரிழை அளவு வால் பக்கம் தள்ளவேண்டும், இறங்கி ஒலித்தால் கழுத்துப் பக்கம். முதலில் இரண்டு ஓரச் சோடிகளையும் பார்த்தால் போதும். கம்பித் தடிப்பை மாற்றியிருந்தால் பழைய புள்ளி சரியாக வராது, இந்தச் சோதனைதான் தீர்மானிக்கும்.

புதுக் கம்பி இளகும். முதல் ஓரிரண்டு நாள் திரும்பத் திரும்பச் சேர்க்கவேண்டி வரும், அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்ல மேலே தூக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சீக்கிரம் நிலைப்படும். எப்போதும் கீழிருந்து மேலே வந்து சுருதியில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏறி வாருங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய கம்பி மீட்டும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் ஒரு கணக்கைச் சொல்லமாட்டேன். விரல்தான் சொல்லவேண்டும். ஈ சோடியைத் தடவிப் பார்த்து வழுவழுப்புப் போய்ச் சொரசொரப்பு வந்துவிட்டால் அன்றைக்கே அந்தச் சோடியை மாற்றலாம், எட்டையும் மாற்ற வசதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கச்சான் என்னும் காய்ந்த காற்று வீசும் மாதங்களில் கம்பி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் கை வியர்க்கும். மாரியில் வாடைக்காற்றோடு ஈரம் உள்ளே வந்துவிட்டால் உறைக்குள் இருக்கும் கம்பியும் தப்பாது. வாசித்து முடிந்ததும் உலர்ந்த சாரத்துண்டை ஒவ்வொரு சோடிக்கும் கீழே கொடுத்து இழுத்துத் துடைப்பது ஒரு நிமிட வேலை. தேங்காயெண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம். சுற்றுக்கம்பியின் இழைகளுக்குள் எண்ணெய் இறங்கித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும், நாதம் அடைத்துப்போகும். புது மருந்துப் போத்தலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதி, அதில் இரண்டை உறைக்குள் போட்டுவையுங்கள். கையிருப்புக் கம்பியை மூடி இறுகிய போத்தலுக்குள் வைத்தால் நல்லது, பக்கற்றுக்குள்ளேயே துருப்பிடித்த கம்பியை நான் பார்த்திருக்கிறேன்.

கொழும்புக்குச் சொல்லி எடுப்பிப்பதாக இருந்தால் ஒரு லைட் செட்டோடு பத்துத் தடிப்பில் தனி ஈ கம்பி நாலைந்தும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், மாரி தொடங்குமுன். உறைக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் போட்ட கம்பியின் நான்கு எண்களையும் போட்ட திகதியையும் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய கம்பிகளைச் சுருட்டித் தகர டின் ஒன்றில் போட்டு மூடுங்கள். வளவுக்குள் எறிந்தால் வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளின் காலில்தான் ஏறும்.